ஆட்டம் நடத்தும் குழல்

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியிலும் இடுக்கி மாவட்டத்தின் மறையூரிலும் மலைமக்கள் ஆடும்போது முதன்மையாக இசை தருபவை தோல் வாத்தியங்களும் ஒரு குழலும். தோல் வாத்தியம் காலுக்கு அடி சொல்கிறது. அந்த அடி எப்போது திரும்ப வேண்டும், எப்போது விரைய வேண்டும் என்ற நினைவைக் குழல் தாங்கி நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த இரு இடங்களிலும் குழலுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவு எழுத்தில் பதிவானது குறைவு. ஊர்த் திருவிழாக்களிலும் சாவு வீடுகளிலும் அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்திருக்கிறது.

இரண்டு இடங்களையும் இணைப்பது நிலம். கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே. பவானி அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு மறையூர் வழியாகவும் ஓடுகின்றன. பாம்பாறு அமராவதியில் கலந்து, அதன் வழியாகக் காவிரியைச் சேர்கிறது; பவானி கூடுதுறையில் நேராகக் காவிரியில் கலக்கிறது. அரசியல் எல்லை மலையின் கிழக்குச் சரிவில் கோடு போட்டிருந்தாலும், தண்ணீரும் மொழியும் சந்தையும் தமிழ்நாட்டுப் பக்கமே சாய்ந்திருந்தன. அட்டப்பாடிக்கு ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூரும், மறையூருக்குச் சின்னார் வழியாக உடுமலைப்பேட்டையும் அருகிலுள்ள பெரிய ஊர்களாக இருந்து வந்தன. இசையும் இதே வழிகளில் ஏறி இறங்கியது.

இரண்டு நாக்கின் ஒலி

குழல் என்ற ஒரே சொல் தமிழில் பல வாத்தியங்களைக் குறிக்கும். புல்லாங்குழலில் காற்று துளையின் விளிம்பில் மோதி ஒலிக்கிறது. மேளத்தோடு சேரும் குழலில் ஒலி பிறக்கும் இடம் வேறு. தட்டையான இரண்டு மெல்லிய நாக்குகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, குழாயின் தலையில் செருகுகிறார்கள். ஊதுபவரின் மூச்சு நடுவே புகும்போது நாக்குகள் மூடித் திறந்து துடிக்கின்றன. அந்தத் துடிப்பு கீழே போகப் போக அகலும் குழாயில் வளர்ந்து, திறந்த வெளியில் அரை மைல் கேட்கும் ஒலியாகிறது. நாகஸ்வரம், முகவீணை, கேரளத்தின் குறுங்குழல், வடநாட்டு ஷெனாய், மேற்கத்திய ஓபோ, பசூன் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

நாகஸ்வரத்தில் இந்த நாக்குக்குச் சீவாளி என்று பெயர். காவிரிக் கரையில் வளரும் நாணலை வெட்டி, காயவைத்து, பதப்படுத்தி, நூலால் கட்டிச் சீவாளி செய்கிறார்கள். அதற்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறை. ஒரு நாகஸ்வரத்தின் கழுத்தருகே பார்த்தால் நூலில் கோத்த உதிரிச் சீவாளிகள் சில தொங்கும். நாக்குகளை விரித்துச் சரிசெய்ய ஒரு ஊசியும் கூடவே ஆடும். வாசிப்பதற்கு முன் கலைஞர் சீவாளியை வாயில் வைத்து எச்சிலால் நனைத்து இளக்கிக்கொள்வார். காய்ந்த நாக்கு பேசாது. பசூன் வாசிப்பவரும் மேடைக்கு வருமுன் தன் நாணல் நாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தொடங்குகிறார். தஞ்சைக்கும் பாரிசுக்கும் இடையே வாத்தியத்தின் உடல் எவ்வளவு மாறினாலும், தொடக்கத்தில் செய்யும் இந்த ஒரு காரியம் மாறவில்லை.

இவ்வகை வாத்தியம் ஆட்டத்துக்குப் பொருந்தியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அதன் உரத்த குரல்: நாலைந்து தோல் வாத்தியங்கள் முழங்கும்போதும் அது மூழ்காது. மற்றது அதன் தொடர்ச்சி. தேர்ந்த கலைஞர்கள் கன்னத்தில் காற்றைத் தேக்கி வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளே இழுப்பதால் ஒலி அறுபடாமல் ஓடுகிறது. பாடுபவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் ஆடுபவரின் கால் தடுமாறக்கூடும். குழலில் அந்த இடைவெளியே இல்லை. இரவு முழுதும் ஆடும் ஆட்டங்களுக்கு இது பெரிய துணை.

அட்டப்பாடியின் கொகால்

அட்டப்பாடி 745 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைநாடு. அகளி, புதூர், ஷோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகள் அதில் அடங்கும். இருளர், முதுகர், குறும்பர் ஆகிய மூன்று பழங்குடிகள் அங்கே வாழ்கிறார்கள். எண்ணிக்கையில் பெரியவர்கள் இருளர். அவர்களுடைய மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. இருளரின் குழலுக்குக் கொகால் என்று பெயர். கொகல் என்றும் சொல்வதுண்டு. பொறை, தவில், ஜால்ரா ஆகியவை அதற்குத் துணை. தோலும் மரமும் மூங்கிலும் கொண்டு குழலையும் தோல் வாத்தியங்களையும் இருளரே செய்துகொள்ளும் வழக்கம் இருந்தது.

இருளர் ஆட்டத்தில் ஆடுவோர் வட்டமாக நின்று முன்னும் பின்னும் அடியெடுத்து வைக்கிறார்கள். பாட்டு வரும்; சில நேரம் பாட்டு நின்று வாத்தியம் மட்டும் ஓடும். பாடுபொருள்கள் அன்றாட வாழ்விலிருந்து வருகின்றன: விதைப்பு, அறுவடை, காட்டு விலங்கு, மழை, காதல், சாவு. விளைந்த காட்டுக்குள் புகும் கரடியை விரட்டுவதைச் சித்திரிக்கும் ஏலேலக்கரடி ஆட்டம் அட்டப்பாடிக்கு வெளியேயும் பேர் பெற்றது. கரடி வரும் செய்தியையும் அதை விரட்டும் வேகத்தையும் சொல்லிவிட்டுச் சொற்கள் ஒதுங்கும்போது, அந்த வேகத்தை ஏந்திச் செல்பவை வாத்தியங்கள்.

ஆட்டம் மகிழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று. பிறப்பு, பூப்பு, திருமணம், விதைப்பு, சாவு என எல்லாச் சடங்குகளிலும் வாத்தியம் உண்டு. இறந்தவரை வழியனுப்பும்போதும் குழல் ஊதி ஆடுவது இருளரின் மரபு. ஆகவே குழல்காரர் பொழுதுபோக்குக் கலைஞரல்லர்; சடங்கு நிறைவேற அவர் வேண்டும். சிவராத்திரியன்று செம்மண்ணூரில் மல்லீஸ்வரன் கோயில் திருவிழா நடக்கிறது. மல்லீஸ்வரன் முடி என்னும் உச்சிக்கு முதுகர்கள் விரதமிருந்து ஏறி விளக்கேற்ற, கீழே கூடியிருப்போர் அந்த ஒளிக்காகக் காத்திருப்பார்கள். மூன்று பழங்குடிகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும் பெருவிழா அது.

1951 கணக்கெடுப்பின்போது அட்டப்பாடியின் மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடிகள். 2001 வாக்கில் அவர்கள் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள். குடியேற்றம் பெருகியது, காடு சுருங்கியது, நிலம் கைமாறியது. விதைப்புக்கும் அறுவடைக்கும் உரிய சடங்குகள் நிலத்தோடு ஒட்டியவை. நிலம் போன இடத்தில் அந்தச் சடங்கும், சடங்கோடு குழலும் தளர்ந்தன.

கோத்தரின் உதாரணம்

அட்டப்பாடிக்கு வடக்கே நீலகிரியில் குழலின் வரலாறு கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே கோத்தர்கள் கொல்லராகவும் தச்சராகவும் குயவராகவும் இசைக்காரராகவும் இருந்தவர்கள். தோடர், படகர் ஆகியோரின் சாவுச் சடங்குகளில் கோத்தரே வாத்தியம் வாசித்துவந்தனர். பதிலுக்குத் தானியமும் நெய்யும் பெற்றனர். அவர்களுடைய இரட்டை நாக்குக் குழலுக்குக் கொள் என்று பெயர். கோத்தர் மொழியில் கொள் என்பது வாத்தியத்தையும் குறிக்கும், அதில் வாசிக்கும் மெட்டையும் குறிக்கும். சொல்லில்லாத இசையை அந்த மக்கள் குழலிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆட்டத்துக்குரிய மெட்டு வேறு, சாவுக்குரியது வேறு, தெய்வத்துக்குரியது வேறு என்று அவர்கள் பகுத்து வைத்திருந்தார்கள். ஒன்றை மற்றதன் இடத்தில் வாசிப்பது தவறு.

1930களில் படகர் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் கோத்தர் இசையைத் தம் சடங்குகளிலிருந்து விலக்கத் தொடங்கினார்கள். அதோடு பழைய கொடுக்கல் வாங்கல் உறவு முறிந்தது. ஆனாலும் தங்கள் தெய்வத் திருவிழாவில் கோத்தர்கள் குழலை விடவில்லை. பிறருக்காக வாசிப்பது நின்றபோதும் தமக்காக வாசிப்பது நிலைத்தது. மலைக் குழல்கள் இன்றும் உயிரோடிருப்பதற்குப் பொதுவான காரணம் இதுவே.

மறையூரின் மலைப்புலையர்

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் முனியறை என்னும் பெருங்கற்காலக் கல்லறைகளுக்கும் பேர்பெற்ற நிலம். மலையின் மழைமறைவுப் பக்கம் என்பதால் மூணாறு நனையும்போதும் இங்கே மழை குறைவு. வயல்வெளிகளில் அஞ்சுநாட்டு வேளாளரும், சரிவுகளில் மலைப்புலையரும் முதுவரும் வாழ்ந்துவருகிறார்கள். மலைப்புலையரின் பேச்சு தமிழே. ஆனைமலையின் தமிழ்நாட்டுச் சரிவுகளிலும் அவர்களுடைய உறவுக்குடிகள் உண்டு.

மாரியம்மன், காளியம்மன் கோயில் திருவிழாக்களில் மலைப்புலையர் ஆடுவது மலைப்புலையாட்டம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது அதன் சிறப்பு. உறுமி, சிக்குவாத்தியம், கிடிமுட்டி, குழல், ஜால்ரா ஆகியவை அதற்குரியவை. உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் உறுமல் இந்த மேளத்துக்கு அடித்தளம். அதன் மேல் சிறு தோல் வாத்தியங்கள் துள்ள, எல்லாவற்றுக்கும் மேலே குழல் ஓடும். ஆட்டத்தை இங்கே வழிநடத்துவது வாத்தியம்தான். நிதானமாகத் தொடங்கும் அடி படிப்படியாக விரைந்து, உச்சத்தில் உடல் முழுதும் குலுங்கும் ஆட்டமாக மாறுகிறது. கையில் கோல் பிடித்து ஆடும் பகுதியும் உண்டு.

தோட்டங்களுக்கு வந்த மேளம்

மறையூருக்குத் தென்மேற்கே, மூணாற்றைச் சுற்றிய மலைகளில் இன்னொரு தமிழ்க் குழல் மரபு வந்து சேர்ந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி உருவாகி, தேயிலை பரவியது. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி வந்தார்கள். லயங்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்புகளில் குடியேறியவர்கள் தங்கள் ஊர் மாரியம்மனையும் முருகனையும் கூடவே கொண்டு வந்தார்கள். அம்மனுக்குக் கொடை என்றால் கரகாட்டம் வேண்டும். கரகாட்டம் என்றால் நையாண்டி மேளம் வேண்டும்.

நையாண்டி மேளத்தில் நாகஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு, ஜால்ரா ஆகியவை சேரும். கோயில் நாகஸ்வரத்தின் அமைதி இதில் இல்லை. ஆட்டக்காரியின் தலையில் கரகம் நிற்கும்போது, நாகஸ்வரக்காரர் அவருக்கு எதிரே வந்து நின்று, அவர் காலைப் பார்த்தே வாசிப்பார். ஆடுபவர் குனிந்தால் மெட்டு இறங்கும். சுழன்றால் மெட்டு சுழலும். இந்த எதிர்முக வாசிப்பே நையாண்டி மேளத்தின் உயிர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோட்டப் பகுதிகளான தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. இரு பகுதிகளையும் உள்ளடக்கிய இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்று பிறந்தது. மாநிலம் மாறினாலும் தோட்டத்து மேளத்தின் மொழி மாறவில்லை.

கோயில் தெருவில்

சமவெளியில் கதை வேறு வழியில் போனது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் விசாலாட்சி சமேத விசுவநாதர் கோயில் ஏறத்தாழ 1425இல் எழுந்தது. தமிழ் அக்கிரகாரங்கள் சூழ்ந்த அந்தக் கோயிலின் தேர்த்திருவிழா ஐப்பசி இறுதியில் நடக்கிறது. சுவாமி புறப்பாட்டுக்குரிய நாகஸ்வர இசை மல்லாரி. அதற்குச் சொல் கிடையாது. கம்பீரநாட்டை ராகத்தில் தாளக் கணக்கால் கட்டிய இசை அது. தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி, கும்ப மல்லாரி எனச் சடங்குக்கேற்ப வகைகள் உண்டு. சுவாமியைத் தோளில் சுமப்போர் அசைந்து நடக்கும் நடையே மல்லாரியின் நடை. பின்னாளில் பரதநாட்டியம் இதே மல்லாரியைத் தொடக்க உருப்படியாக எடுத்துக்கொண்டது.

தமிழ்க் கோயில்களில் நாகஸ்வரக் குழுவுக்குப் பெரியமேளம் என்றும், ஆடல் குழுவுக்குச் சின்னமேளம் என்றும் பெயர். சின்னமேளத்திலும் ஒரு இரட்டை நாக்குக் குழல் இருந்தது. அது முகவீணை, நாகஸ்வரத்தைவிடச் சிறியது, குரலில் மெல்லியது. 19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் வந்து அந்த இடத்தைப் பிடித்தபோது முகவீணை சதிர் என்னும் அந்த ஆடல் மேடையிலிருந்து நழுவியது. தெருக்கூத்தில் அது நீடித்தது.

கேரளக் கோயில்களில் இதே குடும்பத்தின் குறுங்குழல் செண்டைமேளத்தில் இடம்பெற்றது. பஞ்சாரி, பாண்டி மேளங்களில் குழல்காரர்கள் செண்டைக்காரர்களுக்கு எதிரே வரிசையாக நிற்பார்கள். பஞ்சாரியின் முதல் காலம் 96 அட்சரம். அது 48, 24, 12, 6 எனச் சுருங்கும். காலம் மாறும் தருணத்தைக் குழலின் தலைவர் வாத்தியத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் உணர்த்துவார். அதே குழல் தனியாக ஒலிப்பதும் உண்டு. குழல்பாட்டு என்ற பெயரில், செண்டையும் இலத்தாளமும் துணை நிற்க, ஒரே குழல்காரர் ராகம் விரித்து வாசிக்கிறார். தனிக் குழல் கச்சேரிக்குக் கேரளத்தின் சொந்த வடிவம் அதுதான்.

ஐரோப்பாவின் ஆட்டக் குழல்

பசூனின் வரலாறும் ஆட்டத்தோடு பின்னியது. 16ஆம் நூற்றாண்டின் டல்சியன் என்னும் வாத்தியத்திலிருந்து வளர்ந்து, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையின் ஆடல் இசையில் அது நிலைபெற்றது. ஏறத்தாழ எட்டடி நீளமுள்ள குழாயை மடித்துக் கட்டியதால் ஒருவர் மடியில் வைத்து வாசிக்க முடிகிறது. அலமாண்ட், சராபாண்ட், ஜிக், மினுவே ஆகியவை முதலில் ஆட்டங்களின் பெயர்கள். ஆடுபவர்கள் நீங்கிய பின்னும் அந்தப் பெயர்கள் இசை உருப்படிகளின் தலைப்பாக நின்றுவிட்டன. இசையமைப்பாளர் பாக் புல்லாங்குழலுக்கும் செல்லோவுக்கும் எழுதிய அத்தகைய தொகுப்புகளைப் பசூன் கலைஞர்கள் இன்று தனிக் கச்சேரிகளில் விரும்பி வாசிக்கிறார்கள். 1913 மே 29 அன்று பாரிசில் அரங்கேறிய ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்தச் சடங்கு நாட்டியம், துணையின்றி ஒலிக்கும் ஒரு பசூனோடு தொடங்குகிறது. லித்துவேனிய நாட்டுப்புற மெட்டிலிருந்து வந்தது அந்தத் தொடக்கம். கிராமத்துச் சடங்கைக் காட்ட நினைத்தவருக்கு இரட்டை நாக்கின் குரல்தான் முதலில் கேட்டது.

ஆட்டக்களத்திலிருந்து திரைக்கு

ஆட்டமும் ஊர்வலமும் இல்லாமல் குழலை மட்டும் உட்கார்ந்து கேட்பது தமிழ் மண்ணில் 20ஆம் நூற்றாண்டில் வலுப்பட்ட வழக்கம். அதற்குப் பெரிதும் காரணமானவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). உயர்ந்த சுருதியுள்ள திமிரி நாகஸ்வரத்தின் இடத்தில் நீண்ட பாரி நாகஸ்வரத்தை அவர் நிலைநிறுத்தினார்; தோடி ராகத்தை இசைத்தட்டில் பதிந்தார்; நாகஸ்வரத்தைக் கச்சேரி மேடையில் அமர்த்தினார். நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் ஆச்சா மரத்தில் கடைந்த அந்த வாத்தியத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள் படம் நாகஸ்வரத்தையும் ஆட்டத்தையும் மறுபடி எதிரெதிரே நிறுத்தியது. படத்தில் ஒலித்த நாகஸ்வரம் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது.

மலைக் குழல்களுக்கு அத்தகைய மேடை வெகுகாலம் வாய்க்கவில்லை. 2020இல் வெளியான அய்யப்பனும் கோஷியும் படத்தில் அட்டப்பாடியின் நஞ்சியம்மா தானே இயற்றிப் பாடிய இருளர் பாட்டு பரவியபோதுதான் வெளியுலகம் அந்த மொழியின் இசையைக் கவனித்தது. 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது.

அடுத்த திருப்பம் பள்ளிகள் வழியாக வந்தது. 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலைவிழாவில் பழங்குடி ஆட்டங்களுக்குப் போட்டிப் பிரிவு நெடுங்காலம் இல்லை. 2025 ஜனவரி 4 முதல் 8 வரை திருவனந்தபுரத்தில் நடந்த 63ஆவது விழாவில் ஐந்து ஆட்டங்கள் முதல்முறையாகச் சேர்ந்தன: மங்கலங்களி, பணியர் ஆட்டம், இருளர் ஆட்டம், பளியர் ஆட்டம், மலைப்புலையாட்டம். இவற்றில் இருளர் ஆட்டம் பாலக்காட்டு எல்லையிலிருந்தும், பளியர் ஆட்டமும் மலைப்புலையாட்டமும் இடுக்கி எல்லையிலிருந்தும் வந்தவை. பல பள்ளிகள் அந்தந்தச் சமூகத்துக் கலைஞர்களை வரவழைத்துப் பயிற்சி பெற்றன. அரசின் கைட் விக்டர்ஸ் அலைவரிசை விழாவை நேரலையில் காட்டியது. மல்லீஸ்வரன் முடியின் அடிவாரத்திலும் காளியம்மன் கோயில் முற்றத்திலும் கேட்ட மேளம் உலகெங்கும் கைப்பேசித் திரையில் ஒலித்தது.

திரை எதைக் கொண்டுசெல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது இந்த வரலாற்றிலிருந்தே தெளிவாகிறது. மெட்டையும் அடியையும் உடையையும் அது கொண்டுசெல்லும். போட்டிக்குரிய சில நிமிடங்களுக்குள் இரவு முழுதும் நீளும் ஆட்டத்தைச் சுருக்கியாக வேண்டும். எந்த மெட்டு சாவுக்கு, எந்த மெட்டு விதைப்புக்கு என்ற பகுப்பைத் திரை சொல்லாது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஊர்களில் இருக்கும் மூத்த குழல்காரர்களே. பாடல் பலர் நாவில் வாழும். தோல் வாத்தியத்தை ஊரில் பலர் அடிப்பார்கள். குழல் ஊத மூச்சுப் பயிற்சியும் ஆண்டுக்கணக்கான கேள்வி ஞானமும் தேவை என்பதால் கற்போர் எப்போதும் சிலரே. எனவே ஆட்டத்தைக் காப்பதாகச் சொல்லும் எந்த முயற்சியும் முதலில் குழல்காரரிடம் போக வேண்டும். பள்ளி மேடையில் மலைமக்களின் ஆட்டத்துக்கு இடம் கிடைத்தது நியாயமானது, காலம் கடந்து வந்தது. அந்த மேடையில் ஆடிய பிள்ளைகளில் சிலர் ஊர்த் திருவிழாவில் மூத்தவரின் பக்கத்தில் அமர்ந்து, நாக்கை நனைத்து, முதல் சுரத்தை ஊதக் கற்கும்போது அந்த நியாயம் நிறைவடையும்.